பீச்சாங்கைப் பாடம்

எனக்கு எளிதில் குமட்டாது. திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்கிற வீட்டில் பிறந்து, தோல் வியாபாரம் செய்கிற வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள் நான். உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத் தோல்களுக்குப் பக்கத்திலேயே சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துச் சாப்பிடுகிற ஆட்களைப் பார்த்து வளர்ந்தவள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எங்கள் மண்டிப் பக்கம் வந்தால் தெருமுனையிலேயே முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது வீட்டு வாசனை. அப்படிப்பட்ட எனக்கு, ரூம் ஸ்ப்ரே அடித்து, பலூன் கட்டி, சுவரெல்லாம் முயலும் யானையும் வரைந்து வைத்திருந்த ஒரு வகுப்பறையை நினைத்தால் வயிற்றைப் புரட்டுகிறது. நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் புரட்டவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. வடமதுரைக்குப் போகிற ரோட்டில், ஊரைத் தாண்டியதும் இருக்கிற தனியார் பள்ளி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெற்றோரை வகுப்புக்குள்ளேயே கூப்பிட்டுக் கடைசி பெஞ்சுகளில் உட்காரவைத்து, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்டுவார்கள். ஓப்பன் கிளாஸ் என்று பெயர். அந்தக் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் மூக்கில் இடிக்க நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பாசிரியை சின்னப் பெண். குஜிலியம்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அன்றைக்கென்று கஞ்சி போட்ட புதுப் புடவையில் நின்றாள்.

செடியின் எந்தப் பாகம் செடிக்கு உணவு தயாரிக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டு வாயை மூடுவதற்குள் மொத்த வகுப்பும் கையைத் தூக்கிவிட்டது. ஒரு பிள்ளை பாக்கி இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. என் பக்கத்தில் இருந்த ஒரு தகப்பனார், "போன வருசம் வரைக்கும் இவன் வாயே தொறக்க மாட்டான்" என்று தன் மகனைக் காட்டிச் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னை முழங்கையால் இடித்தார்.

"பாத்தியா? நம்ம புள்ளையும் தூக்குது."

நானும் பார்த்தேன். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அடுத்த கேள்விக்கும் தூக்கினாள். அதற்கடுத்ததற்கும் தூக்கினாள். கை ஆணி அடித்ததுபோல நேராக நின்றது. முகத்தில் சிரிப்பு. ஆனால் ஆசிரியை ஒரு தடவைகூட அவளை எழுப்பவில்லை. கூச்சத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு கேள்விக்கு என் மகள் வலது கையைப் பாதிவரை தூக்கினாள். ஒரு நொடி யோசித்தாள். அதை இறக்கிவிட்டு இடது கையைத் தூக்கினாள். அப்போதுதான் மற்ற பிள்ளைகளைப் பார்த்தேன். சிலருக்கு வலது கை, சிலருக்கு இடது கை. ஆசிரியையின் கண் இடது கைகளைத் தாண்டித் தாண்டிப் போய் வலது கையில் மட்டும் நின்றது. காய்கறிக் கடையில் சொத்தையை ஒதுக்கிப் பொறுக்குகிறவர்களின் கண் அப்படித்தான் போகும்.

வீட்டுக்கு வந்து சீருடையைக் கழற்றும்போது கேட்டேன்.

"ஏண்டி, கிளாஸ்ல எதுக்குப் பீச்சாங்கையைத் தூக்குன?"

அவள் ஓடிப்போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா. அது எங்க கிளாஸ் சீக்ரெட்டு. அத்தாகிட்டகூடச் சொல்லக் கூடாது."

"நான் அத்தா இல்லையே."

அப்பாவை அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள். அந்த வாதம் அவளுக்குச் சரியாகப் பட்டது. "பதில் தெரிஞ்சா சோத்துக் கையைத் தூக்கணும். தெரியாட்டி பீச்சாங்கையைத் தூக்கணும். எல்லாரும் தூக்கணும், சும்மா இருக்கக் கூடாது. மிஸ்ஸு சோத்துக் கையை மட்டும்தான் கேப்பாங்க. பீச்சாங்கையைக் கேக்கவே மாட்டாங்க. பயப்பட வேணாம்."

"சரி, பீச்சாங்கை தூக்குனவங்களுக்கு அந்தப் பதிலை எப்ப சொல்லிக் குடுப்பாங்க?"

என்னைப் புரியாமல் பார்த்தாள். "அவங்கதான் பீச்சாங்கையாச்சே?" என்றாள்.

அந்த வாக்கியம்தான் முதலில் என் வயிற்றில் விழுந்தது. எங்கள் வீட்டில் பீச்சாங்கை என்றால் என்னவென்று அவளுக்கு நடக்கத் தெரியும் முன்பே தெரியும். சாப்பிடுவது சோத்துக் கையால். கொடுப்பதும் வாங்குவதும் சோத்துக் கையால். பீச்சாங்கை கழுவுவதற்கு. ஒரு பிஸ்கட்டை அந்தக் கையால் நீட்டினால்கூட மாற்றி நீட்டச் சொல்வோம். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும். அந்தக் கையைத்தான் பள்ளிக்கூடம் 'தெரியாது' என்பதற்கு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. தெரியாமல் இருப்பது அசிங்கம் என்று யாரும் அவளிடம் வாயால் சொல்லவில்லை. சொல்லவே தேவையில்லை. ஏழு வயதுப் பிள்ளை இந்தக் கணக்கையெல்லாம் தானாகவே போட்டுக்கொள்ளும்.

நான் பி.எட். முடித்தவள். முடித்தேனே தவிர ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. குழந்தை வளர்ச்சி, கற்றல் உளவியல் என்று ஒரு தாள் இருந்தது. அதைப் படித்தேன் என்று சொல்ல முடியாது, உருப்போட்டேன். கற்றல் என்பது அனுபவத்தால் நடத்தையில் உண்டாகும் நிலையான மாற்றம் என்று தேர்வில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், அந்த வரையறைப்படி என் மகள் நன்றாகவே கற்றிருக்கிறாள். நடத்தை மாறியிருக்கிறது. நிலையாகவும் மாறியிருக்கிறது. இதற்கு மேல் ஒரு பள்ளிக்கூடம் என்ன செய்யும்? நினைத்து நினைத்து எனக்கு எரிச்சல்தான் மண்டியது.

பள்ளிக்குப் போவதற்கு முன்னால் அவள் வேறு மாதிரி இருந்தாள். எதைக் கேட்டாலும் இரண்டு கையையும் விரித்து, "தெரியாதே!" என்று ராகம் போட்டுச் சொல்வாள். சொல்லிவிட்டு உடனே நம்மைக் கேட்பாள். ஒரு தடவை மண்டிக்குக் கூட்டிப்போயிருந்தேன். அடுக்கி வைத்த தோல்களைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றவள், "இப்ப ஆட்டுக்குக் குளிராதா?" என்று கேட்டாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுபடியும் அதையே கேட்டாள். பதில் வரும்வரை விட மாட்டாள். தெரியாமல் இருப்பதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. பிள்ளைகள் கற்றுக்கொள்வது அந்த இடத்திலிருந்துதான். அதை உளவியல் தாளில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை, ஒரு பிள்ளையைக் கூட வைத்திருந்தாலே தெரியும். யோசித்துப் பார்த்தால், அவள் 'தெரியாது' என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டே வெகு நாளாகியிருந்தது. பிள்ளை கெட்டிக்காரியாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்துக் கடகடவென்று வாசித்தாள். ஒரு பிசிறு இல்லை. ஆனால் விரல் ஒரு வார்த்தையிலும் வாய் வேறு வார்த்தையிலும் இருந்தன. மெதுவாகப் புத்தகத்தை மூடினேன். அவள் நிறுத்தவில்லை, மூடிய அட்டைமேல் விரலை ஓட்டிக்கொண்டே பாடத்தை முடித்தாள். முடித்துவிட்டு, சரியா என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த வாரம் வத்தலக்குண்டுப் பக்கம் சேவுகம்பட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, வந்து நின்ற பஸ்ஸின் போர்டைக் காட்டினேன். தமிழில் பெரிய எழுத்தில்தான் எழுதியிருந்தது.

"என்ன போட்டிருக்கு, வாசி."

"வத்தலக்குண்டு" என்றாள் பட்டென்று.

சரியான பதில். எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் உறைத்தது, கண்டக்டர் படியில் நின்று அதையே கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பஸ் ஆளில்லாமல் நின்றது. அதைக் காட்டினேன். அவள் போர்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். என் வாய் எந்தப் பக்கம் அசையும், புருவம் எதற்கு ஏறும் என்று அத்தனை கவனமாகத் தேடினாள்.

"இதுல நம்ம போகலாமாம்மா?"

"நீ வாசி. போகலாமா வேணாமான்னு தெரியும்."

"உங்களுக்கே தெரியும்ல" என்று செல்லமாகச் சொல்லி என் கையைப் பிடித்து ஆட்டினாள். பிள்ளை மக்கு இல்லை. மக்காக இருந்தால் இவ்வளவு தூரம் தப்பித்து வந்திருக்க முடியாது. இருக்கிற புத்தி முழுவதையும் எதிரில் நிற்கிறவர் முகத்தில் பதில் தேடுவதற்கே செலவழித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கென்று அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. இப்படியே மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் போய்விட்டால், தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வராமல், தெரிந்துகொள்ளவும் வழியில்லாமல் நின்றுவிடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்தது.

மறு வாரம் பள்ளி விடுகிற நேரத்துக்குப் போய் வாசலில் அந்த ஆசிரியையைப் பிடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவப் பார்த்தாள். நான் விடவில்லை.

"அக்கா, உங்க புள்ள அம்புட்டு நல்ல புள்ள. அழ மாட்டா, பேச மாட்டா, கை தூக்கச் சொன்னா தூக்கிருவா" என்றாள்.

"அவளுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தோளில் தொங்கிய பையைச் சரிசெய்தாள். பையில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

"தெரியும்க்கா."

"எப்ப இருந்து?"

"ஸ்கூல் தொறந்ததுல இருந்தே."

தன் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று இத்தனை மாதமாக ஊரில் யாருக்கோ தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவள் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

"என் மேல கோவப்படாதீங்கக்கா. ஒவ்வொரு கிளாஸ்லயும் கேமரா இருக்கு. தாளாளர் அவர் ரூம்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. சத்தம் வராது, கை மட்டும்தான் தெரியும். ரெண்டு புள்ள கை கீழ இருந்தாப் போதும், இன்டர்காம்ல கூப்பிட்டுருவாரு. பீச்சாங்கைப் புள்ளைகளை எழுப்பிச் சொல்லிக் குடுக்கணும்னு ஆசைதான். எழுப்புனா அது முழிக்கும், அழும். வீட்டுல போயி மிஸ்ஸு எல்லாரு முன்னாடியும் கேட்டாங்கன்னு சொல்லும். அவங்க சண்டைக்கு வாராங்க. இதுல போர்ஷன் வேற முடிக்கணும்."

பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் வரவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதுகூட எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

தாளாளரைப் பார்க்க ஒரு மணி நேரம் காக்கவைத்தார்கள். ஏசி அறை. பரிசுக் கோப்பைகள் கண்ணாடித் தாள்கூடப் பிரிக்காமல் வரிசையாக நின்றன. மேசைக்கு எதிரே சுவரில் பெரிய திரை, அதில் கட்டம் கட்டமாக எல்லா வகுப்புகளும். "வாங்க மேடம், பாய் எப்படி இருக்காரு, வியாபாரமெல்லாம் எப்படி?" என்று எழுந்து நின்று வரவேற்றார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நான் கை விஷயத்தைச் சொன்னேன். மறுப்பார், யார் சொன்னது என்று குதிப்பார் என்று எதிர்பார்த்துத் தயாராகப் போயிருந்தேன். மனுஷன் பெருமையாகச் சிரித்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா? அது நம்ம ஸ்கூலோட ஐடியா மேடம். பதில் தெரியாத புள்ள கையைக் கீழ வச்சிருந்தா பக்கத்துப் புள்ள பாக்கும். மனசு வாடிரும். இதுல எவனுக்குத் தெரியும், எவனுக்குத் தெரியாதுன்னு யாருக்கும் தெரியாது. எல்லாரும் சமம். சைல்டு சைக்காலஜி மேடம்."

"தெரியாதுன்னு ஒரு புள்ள சொன்னாத்தானே சார் சொல்லிக் குடுக்க முடியும்? அதுக்குத்தானே இங்க அனுப்புறோம்?"

"நம்ம ஸ்கூல்ல அந்த வார்த்தைக்கே எடமில்ல மேடம்" என்றார். ஜோக் சொன்னவர்போலச் சிரித்துவிட்டுத் திரையைக் காட்டினார். "அந்த மூலைக் கட்டத்தைப் பாருங்க. உங்க டாட்டர் கிளாஸ்தான்."

பார்த்தேன். அந்தச் சின்ன ஆசிரியை வாயை அசைத்தாள். சத்தமே இல்லாமல் அத்தனை கைகளும் எழுந்தன. எழுந்து அப்படியே நின்றன. என் மகளின் கை எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. வகுப்பில் உட்கார்ந்து எதுவும் புரியாமல் இருக்கிற ஒரு பிள்ளை, புரியவில்லை என்று கையைத் தூக்கிக் கூப்பிடுகிறது. அதைப் பார்த்து இந்த ஆள் சந்தோஷப்படுகிறார். வாய்க்குள் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது. வாந்தி எடுப்பதற்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். அவர் கொடுத்த டீயைத் தொடவில்லை.

பிள்ளைகளை அடிக்கிற பள்ளிக்கூடத்தில்தான் நான் படித்தேன். கையை நீட்டச் சொல்லி ஸ்கேலால் அடிப்பார்கள், வலிக்கும், அழுவோம், வீட்டில் வந்து திட்டுவோம். அதை நல்லதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எனக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. இங்கே பிள்ளையைக் கைவிட்டுவிட்டு, அதைப் பிள்ளையிடமே ஒரு விளையாட்டாகவும் ரகசியமாகவும் கொடுத்து, காப்பாற்றவும் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் கதவைச் சாத்திவிட்டு வந்து சந்தோஷமாகச் சொன்னாளே, அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

"உங்க ஃபீலிங் எனக்கு நல்லாப் புரியுது மேடம். உடனே நடவடிக்கை எடுக்குறேன்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

எடுத்தார். அந்த வாரக் கடைசியில் போன் வந்தது.

"மேடம், நீங்க சொன்னப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு. உங்க சமுதாயத்துல எடது கை எவ்வளவு மரியாதைக் குறைவுன்னு நான் யோசிக்கவே இல்ல. எங்களுக்கும் அப்படித்தானே? பெரிய தப்பு. மன்னிச்சுக்கங்க. திங்கக்கெழமையில இருந்து எல்லாருக்கும் சோத்துக் கைதான்."

"சார், நான் சொன்னது அது இல்ல."

"பரவாயில்ல மேடம், இதுல சங்கடப்பட ஒண்ணுமில்ல. எல்லா மதத்தையும் மதிக்கிற ஸ்கூலு நம்மளுது" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மகள் வந்து புது ரகசியத்தைச் சொன்னாள். இப்போது எல்லோரும் சோத்துக் கைதான். தெரிந்தால் விரலை விரிக்க வேண்டும், தெரியாவிட்டால் விரலை மூடிக்கொள்ள வேண்டும். நான் அடுக்களையில் நின்று பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

அதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் 'வகுப்பில் இனி வலது கை மட்டும்' என்று அறிவிப்பு வந்து, அதற்குக் கும்பிடு போடுகிற கைகள் வரிசையாக விழுந்திருந்தன. ஒழுக்கம் முக்கியம், நல்ல முடிவு என்று ஒருவர் பாராட்டியிருந்தார். பாய் வீட்டு அக்கா போய்ப் பேசினாங்க என்று எப்படியோ பரவி, ஒரு தாய் எனக்கு நன்றி சொல்லவே போன் செய்தாள். மாதா கோயில் தெருக்காரி, அவளே வேறொரு பள்ளியில் ஆசிரியை. எங்கள் வீட்டிலும் பீச்சாங்கை என்றால் திட்டுவோம் அக்கா என்றாள். நான் நடந்ததை முதலிலிருந்து விளக்கினேன். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"புரியுதுக்கா. எங்க ஸ்கூல்லயும் இந்த மாதிரிதான் ஒண்ணு இருக்கு. ஆனா எம் மகன் போன வருசமெல்லாம் அழுதுக்கிட்டே போவான். இப்ப அழாமப் போறான். எனக்கு அது போதும்க்கா" என்றாள்.

அழாமல் போகிறான், போதும். இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கூடம் கட்டடத்துக்குமேல் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு மொத்த ஊர்மேலும் வெறுப்பு வந்தது.

உடனே பள்ளியை மாற்ற வேண்டும் என்று வீட்டில் ஒரே சண்டை போட்டேன். என் வீட்டுக்காரர் அமைதியான ஆள். "நடுவுல எங்க சேப்பாங்க? வருசம் முடியட்டும். இன்னொரு ஸ்கூல்ல இது இல்லேங்கிறதுக்கு என்ன கேரண்டி? நீ இதுக்குப் படிச்சவதானே புள்ள? நீயே உக்காந்து சொல்லிக் குடு" என்றார். மறுநாளே ஆரம்பித்தேன்.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் கூடத்தில் பாயை விரித்து அவளை உட்காரவைப்பேன். பள்ளிப் புத்தகத்தைத் தொடவே இல்லை, அதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் பார்த்தே இராத கதைப் புத்தகங்களை வாங்கி வந்தேன். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்தைக் காட்டுவேன். அவள் எழுத்தைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பாள். புத்தகத்தைப் பார் என்பேன். பார்ப்பாள், ஒரு குத்துமதிப்பாக ஏதாவது சொல்வாள், உடனே நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். மடியில் இருக்கிற அவள் விரல்கள் தன்னால் மூடிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதைத்தான் சொல்லிக் குடுத்தாளா அந்த மிஸ்ஸு? இதுக்குத்தான் கேமராவை வச்சுப் பாக்குறானா அந்த ஆளு?" என்று ஆரம்பித்தால் எனக்கே நிறுத்த முடியாது. நான் திட்டி ஓய்ந்ததும் அடுத்த வார்த்தைக்குப் போவோம்.

எழுத்துகள் மெல்ல மெல்ல வந்தன. சின்னச் சொற்களைக் கூட்டத் தொடங்கினாள். தெரியாத எழுத்து வந்தால் மட்டும் வாய் திறந்து தெரியவில்லை என்று சொல்ல மாட்டாள். ஊகித்துத் தப்பாகவே சொல்வாள், அல்லது தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். "தெரியலன்னு சொல்லுடி, ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். தலையை ஆட்டுவாள். சொல்ல மாட்டாள்.

ஒரு நாள் குளத்தில் தவளை குதித்தது என்ற வரியில் இருந்தோம். 'குளத்தில்' சரியாக வந்துவிட்டது. அடுத்த சொல்லுக்குத் தாமரை என்றாள். இல்லை என்றேன். தண்ணி என்றாள். நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க செத்த நேரம் அங்கிட்டு திரும்பிக்கிறீங்களா?"

"எதுக்கு?"

"சும்மா."

"எதுக்குன்னு சொல்லு."

பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியலன்னா உங்க மூஞ்சி, கெட்டுப்போன பாலை மோந்து பாத்த மாதிரி ஆயிருதும்மா."

அந்த மூஞ்சி உனக்கில்லை, அவர்களுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அறையில் அவர்கள் யாரும் இல்லை. நான் இருந்தேன், எனக்கு நேர் எதிரே அவள் இருந்தாள். இத்தனை நாளும் அந்த முகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது அவள்தான். நான் எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.

முதுகுக்குப் பின்னால் புத்தகத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "த" என்றாள். "வ" என்றாள். பிறகு ஒன்றும் வரவில்லை. வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது தெரியலம்மா" என்றாள்.

"எது?"

"கடைசி எழுத்து."

"அது ளை."

"தவளை" என்றாள். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. அடுத்த சொல்லுக்குப் போனாள். அதில் பாதியில் நின்று, இதுவும் தெரியவில்லை என்றாள். அதையும் சொன்னேன். அப்படியே அந்தப் பக்கம் முழுவதும் போனது. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"திரும்பட்டுமா?" என்றேன்.

"வேணாம்மா" என்றாள்.